பின்சக்கரத்தில் காற்று இல்லை

எங்கள் தெருவில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் வந்தால் ஆளாளுக்கு எதையாவது விடுவார்கள். ஒருவர் பீடியை விடுவார். ஒருவர் வெற்றிலையை விடுவார். ஓர் அம்மாள் காப்பியை விட்டுவிட்டு, ஈஸ்டர் வரும்வரை வீட்டில் இருக்கிறவர்கள்மேல் எரிந்து விழுவாள். விபூதிப் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு கோவிலை விட்டு வெளியே வரும்போதே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். நீ எதை விட்டாய், நான் கறியை விட்டேன் என்று படிக்கட்டிலேயே பெருமை அடித்துக்கொள்வார்கள்.

கல்யாணம் ஆகி நான் ராயபுரத்துக்கு வந்த முதல் வருஷம், அறுபதுகளின் நடுவில், என் வீட்டுக்காரரையும் அப்படித்தான் கேட்டேன். அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை உதறிவிட்டுச் சொன்னார்: "வுடறதுக்கு நம்மகிட்ட இன்னா கீது? எத்தையாவது சேத்துக்கலாம் ம்மே."

அன்றைக்கு ஆரம்பித்தது இது. தபசு காலத்துக்கு இரண்டு தீர்மானம். ஒன்று சைக்கிளுக்கு, ஒன்று வீட்டுக்கு. பெரியதாக எதுவும் கூடாது, சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் வைத்தால் முடித்தாக வேண்டும். அந்த முதல் தபசுக்கு சைக்கிள் தீர்மானம் ரயில்வே கேட். அவர் வேலை பார்த்த தொழிற்சாலை திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் போகிற வழியில். காலையில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஒரு பட்டாளம் சைக்கிளில் அங்கே கிளம்பும். வழியில் கேட் மூடியிருந்தால் எல்லாரும் சைக்கிளைச் சாய்த்து, கட்டைக்கு அடியில் குனிந்து நுழைந்துவிடுவார்கள். சங்கு ஊதுவதற்குள் உள்ளே போகாவிட்டால் கூலியில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். இவர் அந்தத் தபசு முழுக்கக் கேட் திறக்கிறவரை நின்றார். அதற்காக வீட்டிலிருந்து முன்னதாகக் கிளம்பினார்.

வீட்டுத் தீர்மானம் தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர். கேட் தீர்மானத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், இது எனக்கு மானக்கேடாக இருந்தது. குழாயடியில் பெண்கள் வரிசையில் ஒரே ஓர் ஆண்பிள்ளை, கையில் என் பித்தளைக் குடம். "இன்னா மாமு, வூட்ல சண்டையா?" என்று கேட்டார்கள். "இல்ல, தபசு" என்றாராம். பிறகு அவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்கள். நான் வீட்டுக்குள் வந்து, "யோவ், உன் தபசால என் மானம் போவுதுய்யா" என்று கத்தினேன். அவர் குடத்தை மேடையில் வைத்துவிட்டு, துளிகூடச் சிந்தாமல் கொண்டுவந்ததைக் காட்டினார்.

தபசோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. "தபசு முடிஞ்சா மனுசன் முடிஞ்சிட்டானா?" என்று கத்திரி வெயிலுக்கு இரண்டு வைத்தார். மழைக்கு இரண்டு வைத்தார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு. நானும் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். எனக்கு இந்தக் கூத்தெல்லாம் சரிப்படாது. ஆனாலும் அவர் முகத்துக்காக, "இந்த மழைக்கு உங்க அக்காவப் பத்தி ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்று வைத்தேன். முதல் மழைக்கே அந்த அம்மாள் வீட்டுக்கு வந்து என் குழம்பில் உப்பு இல்லை என்றாள். என் தீர்மானம் அத்தோடு சரி. அவர் அடுப்படி வாசலில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கத்திரி வெயிலின்போது சாயங்காலத்தில் தெற்கிலிருந்து காற்று வீசும். காலையில் எண்ணூர்ப் பக்கம் போகும்போது சுகம்தான், திரும்பும்போது முகத்தில் அறையும். திருவொற்றியூர் தேரடிக்கு வந்ததும் முக்கால்வாசிப் பேர் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார்கள். இவருடைய கத்திரித் தீர்மானம், தேரடியில் கால் ஊன்றாமல் காசிமேடு வரை வருவது. மழைக்குச் சங்கிலியில் துரு ஏறாமல் சனிக்கிழமைதோறும் எண்ணெய் போடுவது. மழைக்காலத்தில் கடல் பொங்கி ரோட்டுமேலேயே அலை அடிக்கும். உப்புத்தண்ணீரில் நனைந்த சைக்கிள் பொங்கலுக்குள் இற்றுப்போகும். இவருடையது மட்டும் மழை முடிந்தும் பளபளவென்று இருக்கும். அதே மழைக்கு வீட்டுத் தீர்மானமாக, அடுப்புக்கு மேல் ஒழுகும் ஓட்டைச் சரிசெய்ய வைத்தார். அந்த ஓட்டோடு அவர் பட்ட பாட்டைச் சொன்னால் ஒரு நாள் போதாது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஒழுகும். கடைசியில் ஒழுகும் இடத்தை அடுப்பிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு நகர்த்திவிட்டு, தீர்மானம் முடிந்தது என்று அறிவித்தார். நானும் ஒத்துக்கொண்டேன். அடுப்பு நனையவில்லை, அது போதும்.

எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளைச் சைக்கிள் பாரில் துண்டு சுற்றி உட்காரவைத்து ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கொண்டுபோவார். அதுவும் ஒரு கிறிஸ்துமஸ் தீர்மானத்தில் ஆரம்பித்ததுதான். இப்படியே வருஷங்கள் ஓடின. நல்ல வருஷங்கள்தான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை, வேலை அதிகமாக இருந்தது.

எழுபதாம் வருஷம் பிறந்த பிறகு ஒரு கத்திரியில், தேரடியில் கால் ஊன்றிவிட்டேன் என்று வந்து சொன்னார். காற்று பலம் என்றார். சரி, வெயில் காற்றுதானே என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் ஊன்றினார். பிறகு மழைக்காலம் வந்தது. மழைக்காலத்தில் வாடைக்காற்று. அது வடக்கேயிருந்து வரும், சாயங்காலம் வீடு திரும்புகிறவனை முதுகில் பிடித்துத் தள்ளும், மிதிக்காமலே வண்டி ஓடும். அந்தக் காற்றிலும் அவர் தண்டையார்பேட்டையில் இறங்கி, பாதி வழி தள்ளிக்கொண்டு வந்தார். காற்று முதுகில் தள்ளும்போதே ஒரு மனுஷன் இறங்கி நடந்தால், குற்றம் காற்றின்மேல் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டு என்றால் நிஜமாகவே சட்டையைப் பிடித்துத்தான். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார், படம் எடுத்தார். இருதயம் வீங்கியிருக்கிறது, பெரிசாகிவிட்டது என்றார். பாரம் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, சைக்கிளைத் தொடவே கூடாது என்றார். மாத்திரை கொடுத்தார். வெளியே வந்ததும் இவர், "பாத்தியா, எனக்குப் பெரிய மனசுன்னு டாக்டரே சொல்ட்டாரு" என்றார். நடுரோட்டில் அவர் முதுகில் ஓர் அடி வைத்தேன். அப்புறம் அடிக்கலாமா கூடாதா என்று பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டேன்.

பயம் அவருக்கும் இருந்தது. ஆனால் அது வேறு பயம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரோடு அதே தொழிற்சாலையில் இருந்தார்கள். அவர் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தார். அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை, உட்கார்ந்து உட்கார்ந்து செய்யலாம். ஆனால் நெஞ்சு நோய்க்காரன் என்று தெரிந்தால் அங்கே வைத்துக்கொள்ளமாட்டார்கள். அதற்கு முன் இரண்டு மூன்று பேரை, உடம்பு லாயக்கில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தெருவுக்குத் தெரிந்தால் சங்கு ஊதுவதற்குள் தொழிற்சாலைக்குத் தெரிந்துவிடும். "இவ ஸ்கூலு படிச்சி முடிக்கட்டும். அதுவரிக்கும் யாருக்கும் தெரியக் கூடாது" என்று மகளைக் காட்டிச் சொன்னார். அவள் அப்போதுதான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தாள்.

அதனால் ரயிலில் போவது என்று முடிவாயிற்று. ராயபுரம் ஸ்டேஷன் வரை போனால் போதும், அங்கிருந்து ரயில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் சைக்கிளை விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தால், என்ன ஆச்சு என்று நாலு பேர் கேட்பார்கள். அதோடு, அவரால் வெறுங்கையோடு நடக்கவும் முடியவில்லை. கொஞ்ச தூரம் போனால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் நடந்துவிடுவார். ஆகவே காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போவார், அங்கே போட்டுவிட்டு ரயில் ஏறுவார். சாயங்காலம் தள்ளிக்கொண்டே வருவார். கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: "காத்து இல்லப்பா." பட்டாளத்தில் ஒருவன், "இன்னா நைனா, தினிக்கும் காத்து இல்லியா?" என்றால், "டியூப்பு பழசு, நிக்கமாட்டேங்குது. ஒரே பேஜாரு" என்பார்.

தீர்மானங்களை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. சைக்கிள் தீர்மானம் மட்டும் சின்னதாகிக்கொண்டே வந்தது. அந்த மழைக்கு வைத்தது, ஸ்டேஷன் வரை நிற்காமல் தள்ளுவது. கிறிஸ்துமஸுக்கு வைத்தது, வழியில் ஒரே ஓர் இடத்தில், கோவில் முனையில் மட்டும் நிற்பது. பொங்கல் தாண்டியபோது அதையும் தளர்த்தி, உட்காராமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்றார். வெட்கம் இல்லாமல், ஏதோ பந்தயத்துக்குத் தயாராகிறவர் மாதிரி என்னிடம் வந்து சொல்வார். "பெரிய சாதன" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

வீட்டுத் தீர்மானம் மட்டும் பெருத்துக்கொண்டே போயிற்று. உட்கார்ந்தபடி செய்யக்கூடியது எதையும் விடவில்லை. வெங்காயம் உரித்தார், அரிசியில் கல் பொறுக்கினார். கயிற்றுக் கட்டிலை அவிழ்த்துப் புதிதாகப் பின்னினார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மகளுக்குச் சடை பின்னக் கற்றுக்கொள்வது என்று வைத்து, அவளை முன்னால் குந்தவைத்துக்கொண்டு பின்னுவார். ஒரு சடை காதுக்கு மேலே இருக்கும், ஒன்று கழுத்துக்குக் கீழே. அவள் அதே தலையோடு பள்ளிக்கூடம் போவாள். அவிழ்க்கவிடமாட்டாள்.

பிறகு தபசு காலம் வந்தது. விபூதிப் புதன் அன்று சாம்பல் பூசிக்கொண்டு வந்து, சுவரோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வாங்கி முடித்ததும், "இந்தத் தபசுக்கு வூட்டுத் தீர்மானம், பொய் பேசக் கூடாது" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "தினிக்கும் தெருவுல காத்து இல்ல, காத்து இல்லன்னு புளுகுறியே, அது இன்னாவாம்?"

அவர் சிரிக்கவில்லை. "அத்தான் யோசிச்சிக்கினு கீறேன்" என்றார்.

மறுநாள் காலை கிளம்பும்போது பார்த்தேன். வாசலில் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி, பின்சக்கரத்தின் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். உஸ் என்று சத்தம் வந்தது. டயர் தொய்ந்து தரையோடு அமுங்கியது. வால்வை மறுபடி முடுக்கிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். தெரு முனையில் யாரோ கேட்டார்கள். "காத்து இல்லப்பா" என்றார். சத்தமாக, நிம்மதியாகச் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லவேண்டிய பாவம் ஒன்று குறைந்துவிட்டது.

இப்படி ஒரு மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பொய்யை உண்மையாக்குவதற்குத் தினமும் காலையில் நல்ல சக்கரத்திலிருந்து காற்றைப் பிடுங்குவார். சனிக்கிழமை சாயங்காலம் தானே பம்பை வைத்து அடிப்பார், அடிக்க முடியாமல் என்னை அடிக்கச் சொல்வார், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை தபசுக் கணக்கில் சேராது, அன்றைக்குச் சைக்கிள் நல்ல சைக்கிளாக நிற்க வேண்டுமாம். திங்கட்கிழமை மறுபடி உஸ். நான் திட்டிக்கொண்டே பம்ப் அடித்தேன்.

இதில் நாங்கள் இரண்டு பேரும் நினைத்துப் பார்க்காத ஆள் ஒருவர் இருந்தார். தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இவருக்குச் சின்ன வயதுத் தோஸ்து. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, கடல் ஒத்துக்கொள்ளாமல் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டவர். தன் ஒட்டு பிரியாது என்று அவருக்கு ஒரே பெருமை. அந்தப் பின்சக்கரத்து டியூப்பில் இருந்த ஒட்டெல்லாம் அவர் போட்டது. நண்பன் தினமும் தன் கடை வாசலிலேயே சக்கரம் அமுங்கின வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதை அவர் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? தெருவில் வேறு ஒருவன், "இன்னாபா, உன் ஒட்டு ஒரு நாளு கூட நிக்கலியே" என்று அவரையே கேலி பண்ணியிருக்கிறான். அவர் கூப்பிட்டுக் கேட்டால் இவர், "அப்புறம் பாக்கலாம்" என்று நழுவுவார். கையில் காசு இல்லை போலிருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறான் என்று அந்த மனுஷன் நினைத்துக்கொண்டார். வேறு எதை நினைப்பார்?

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. இவர் பாதி ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தார். கடைக்காரர் வாசலில் வந்து நின்று, "அண்ணி, சைக்கிளக் குடு" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா? அவன் தள்ளிக்கினு போறதப் பாத்தா என் வயிறு எரியுது. நான் ஒர்த்தன் கடய வச்சிக்கினு இங்க குந்திக்கினு கீறேன்."

"வேணாண்ணா. அவரு பாத்துக்குவாரு."

"காசப் பத்தி பேசாத. பேசுனா எனக்குக் கோவம் வரும்."

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பார். அந்த வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது. உள்ளே படுத்திருக்கிறவர் அதற்காகத்தானே தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். அவர் அதை என் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெயில் தாழ்ந்ததும் கொண்டுவந்தார். பின்சக்கரத்துக்குப் புது டியூப், புது டயர். வால்வு புதுசு. பிரேக் கட்டை புதுசு. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். மணியை அடித்துக்கொண்டே தெருவில் ஓட்டிவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். மணிச் சத்தத்துக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. "நைனா, வா வெளிய! இனிமே இதுல காத்து போச்சின்னா, நான் கடயவே இஸ்து மூடிர்றேன்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அந்த மணியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறியலாம் போலிருந்தது.

இவர் வாசலுக்கு வந்தார். சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். கல்லாக இருந்தது.

"ஏறு நைனா. ஒரு ரவுண்டு அட்ச்சிக் காட்டு."

பட்டாளத்து ஆட்கள் மூன்று நான்கு பேர் நின்றிருந்தார்கள். இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. பொய் பேசக் கூடாது என்பது தீர்மானம், உண்மையையும் பேச முடியாது. மிச்சம் இருந்தது ஏறுவது ஒன்றுதான். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

நன்றாகத்தான் ஓட்டினார். முதுகு நிமிர்ந்து, ஒரு கை விட்டுக்கூட ஓட்டினார். கோவில் முனை வரை போய்த் திரும்பினார். கைதட்டினார்கள். எங்கள் மகள் பின்னாலேயே ஓடிவந்தாள். அவர் இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்து, தோஸ்தின் தோளைத் தட்டினார். பிறகு உள்ளே வந்து, நான் கதவைச் சாத்திய பிறகுதான் உட்கார்ந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. நெற்றி வேர்வையை நான் துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது. வெகுநேரம் கழித்து, "நல்லா ஓடுது ம்மே" என்றார்.

அந்த ராத்திரி சண்டை போட்டேன். "சொல்லிடுய்யா. வேல போனா போவுது. நான் தச்சிக் குடுத்து சோறு போடறேன்" என்றேன். "தபசு முடியட்டும்" என்றார். திங்கட்கிழமை காலையாவது வால்வைத் திருகுவார் என்று பார்த்தேன். கையை வைத்தார், எடுத்துவிட்டார். "அவன் மானம் போவும்" என்றார். தன் உயிரைவிட அவன் ஒட்டின மானம் பெரிதாகப் போயிற்று. கோவில் முனை வரை மிதித்துப் போனார், அங்கே இறங்கி நின்றார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போனார்.

பெரிய வெள்ளிக்குச் சிலுவைப் பாதையில் எல்லாரோடும் முழங்காலிட்டார். ஈஸ்டருக்கு மகளுக்குப் புதுப் பாவாடை கட்டி, இரண்டு சடையும் ஒரே உயரத்தில் பின்னினார். பார், பார் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தபசு முடிந்தது, தொழிற்சாலையில் சொல்லிவிடலாமா என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரே பேச்செடுத்தார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார்.

அந்த அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, ஸ்டேஷன் வாசலில் சைக்கிளை நிறுத்திப் பூட்டினார். பூட்டிய சாவி கையில் இருக்கும்போதே விழுந்துவிட்டார். கொண்டுவந்து போட்டபோதும் சாவி கையில்தான் இருந்தது.

நான் எல்லாரையும் திட்டினேன். தொழிற்சாலையை, டாக்டரை, மாதாவை. செத்துப்போனவரையும் திட்டினேன், அவரைத்தான் அதிகம் திட்டினேன். பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, சைக்கிளைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் கத்திவிட்டேன். வாசலில் நின்ற கடைக்காரர் காதில் அது விழுந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்புறம் கல்லறைக்கு வந்தார், கடைசியில் நின்றார். ரொம்ப நாள் கடை மூடியிருந்தது.

அவரோடு நான் பேசவில்லை. அறிவு சொல்வதை மனசு கேட்கவேண்டுமே. கேட்கவில்லை. அந்த மணிச் சத்தமும் அந்தச் சந்தோஷ முகமும் கண்ணுக்குள் நின்றன. தொழிற்சாலையில் கொடுத்த பணத்தில் ஒரு தையல் மிஷின் வாங்கினேன். உள்பாவாடை தைத்து, மூட்டை கட்டி, வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மூட்டை கனம். ரிக்‌ஷாவுக்குக் கொடுத்தால் தைத்ததில் பாதி போய்விடும்.

அடுத்த தபசு வந்தது. நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தேன். சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தேன். எதையும் விடுவதற்கு என்னிடம் இல்லை. சைக்கிளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று வைத்தேன். வீட்டுக்கு, சாப்பிட உட்கார்ந்தால் அழக் கூடாது, குழந்தை பார்க்கிறாள். சைக்கிளுக்கு, மூட்டையைக் கேரியரில் கட்டி, கீழே சாய்க்காமல் வண்ணாரப்பேட்டை வரை தள்ளிக்கொண்டு போவது. எனக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. தள்ளத் தெரிந்தால் போதும். முதல் தடவை பாலத்துக்கு அடியில் சாய்த்துவிட்டேன், துணியெல்லாம் கலீஜாகிவிட்டது. உட்கார்ந்து துவைத்துக் காயவைத்து மறுபடி கொண்டுபோனேன். ஈஸ்டருக்குள் கை பழகிவிட்டது. பிறகு கத்திரிக்கு இரண்டு வைத்தேன். மழைக்கு இரண்டு, மூட்டை நனையக் கூடாது என்பது அதில் ஒன்று. கைப்பிடியில் ரப்பர் உறை தேய்ந்துபோன இடங்களில் என் கை சரியாக உட்காராது. அவர் கை பெரிது.

வீட்டுப் பம்ப் பழுதாகிவிட்டது. சக்கரத்துக்குக் காற்று அடிக்கவேண்டி வந்தால், தெரு முனையில் இவருடைய தோஸ்தின் கடை இருந்தும், காசிமேடு வரை தள்ளிக்கொண்டு போய் அடித்து வருவேன். போகும்போது அவர் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. இப்படியும் சில வருஷங்கள் போயின. மகள் தாவணி போடுகிற வயதுக்கு வந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம், தள்ளிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தேன். மறுநாள் தைக்கவேண்டிய துணி மூட்டை கேரியரில். சைக்கிள் கடைக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில், தெருவுக்குப் புதுசாகக் குடிவந்த ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். ஹார்பரில் வேலை. என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, சைக்கிள நீ ஓட்றியா, உன்ன சைக்கிளு ஓட்டுதா? தினிக்கும் தள்ளிக்கினே போறியே" என்றான். கெட்டவன் இல்லை, வாய்த்துடுக்கு. நாலு பேர் சிரித்தார்கள்.

நறுக்கென்று ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"காத்து இல்லப்பா" என்றேன்.

அவன் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா டபாய்க்கிற? பின்சக்கரம் கல்லாட்டம் கீது, காத்து இல்லியாம்!"

கடைக்காரர் உள்ளே ஒரு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கோணல் நிமிர்த்திக்கொண்டிருந்தார். சுற்றுவது நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தலை நரைத்திருந்தது, அன்றைக்குத்தான் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். கொஞ்சங்கூட அமுங்கவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் புது ஆளுக்கும் தெரியும். மறுபடி அழுத்தினார். பிறகு எழுந்து, பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"ஆமா. காத்து இல்ல. நீ தள்ளிக்கினு போ அண்ணி."

நான் தள்ளிக்கொண்டு போனேன். வீட்டு வாசல் வரை தாங்கினேன், பிறகு மூட்டைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் காற்று அடிக்க நான் காசிமேடு போகவில்லை.